அளவறிந்து அமைக்கும் மலை மிதிவண்டி

மிதிவண்டியை ஓட்டத் தெரிந்தவர் நம்மிடையே பலர். அதன் பஞ்சரை ஒட்டத் தெரிந்தவர் சிலர். உறுப்புகளைத் தனித்தனியே தேர்ந்தெடுத்து ஒரு வண்டியை முழுவதும் அமைக்கத் தெரிந்தவர் மிகச் சிலரே. மாணவச் செல்வர்களே, அவ்வாறு அமைக்கும் முறையைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். நான் எடுத்துக்கொண்ட வண்டி கடைத்தெருவில் நாம் நாள்தோறும் காணும் வண்டி அன்று. கல்லும் வேரும் பள்ளமும் நிறைந்த மலைப்பாதையில் ஓடுவதற்கென்றே, முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் அதிர்வு தாங்கிகள் பொருத்திய மலை மிதிவண்டி அது. இவ்வகையை ஃபுல் சஸ்பென்ஷன் என்பர். பிரேம் என்று கடைக்காரர்கள் வழங்கும் அதன் சட்டம் கார்பன் இழையால் ஆனது, அயல்நாட்டிலிருந்து வந்தது.

அறுபது வயதைக் கடந்த பள்ளி ஆசிரியன் ஒருவனுக்கும் இத்தகைய வண்டிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். என்னிடம் பயின்று இன்று பொறியாளராக விளங்கும் ஒருவர் இவ்வண்டியைத் தம் வீட்டிலேயே அமைத்தார். ஸ்பானரையும் ஆலன் கீயையும் எடுத்துக் கொடுக்கும் உதவியாளனாக மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நான் அவருடன் இருந்தேன். பல்லாண்டுகள் நான் கரும்பலகையில் எழுதிய விதிகள் பல, அங்கே மரையாகவும் குழாயாகவும் காற்றாகவும் எண்ணெயாகவும் என் கண்முன் நின்றன. அவற்றுள் சிலவற்றையேனும் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதலில் இவ்வண்டியின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். மலை மிதிவண்டி பெருந்தொழிற்சாலையில் பிறந்ததன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மரின் என்னும் வட்டாரம் உள்ளது. அங்குத் தமல்பைஸ் என்றொரு மலை. 1970களில் அவ்வட்டாரத்து இளைஞர்கள், தம் பிறப்பிற்கு முன்னர்ச் செய்யப்பட்ட கனத்த பழைய மிதிவண்டிகளைத் தேடி வாங்கினர். மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடிகளையும் வேறு வண்டிகளின் பல்சக்கரங்களையும் அவற்றில் பூட்டி, மலைச்சரிவுகளில் ஓட்டினர். 1976ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் ஃபேர்ஃபாக்ஸ் என்னும் ஊருக்கு அருகில் அவர்கள் ஒரு பந்தயம் நடத்தினர். மூன்றரைக் கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 400 மீட்டர் இறங்கும் பாதை அது. பின்சக்கரத்தின் ஹப்புக்குள் அமைந்திருந்த பிரேக், உராய்வின் வெப்பத்தால் காய்ந்து, கிரீஸ் முழுவதும் புகையாகிவிடும். ஒவ்வொரு முறை இறங்கிய பின்னும் ஹப்பைப் பிரித்து மீண்டும் கிரீஸ் அடைத்தாக வேண்டும். ஆகவே மீண்டும் அடைத்தல் என்று பொருள்படும் ரீபேக் என்னும் பெயரே அப்பந்தயத்திற்கு வழங்கலாயிற்று.

1977இல் ஜோ பிரீஸ் என்பவர் மலைக்கென்றே புதிய சட்டமொன்றை வடித்தார். 1979இல் கேரி ஃபிஷர், சார்லி கெல்லி ஆகிய இருவரும், டாம் ரிட்சி செய்தளித்த சட்டங்களைக் கொண்டு இத்தகைய வண்டிகளை விற்கத் தொடங்கினர். 1989இல் பால் டர்னர் நிறுவிய ராக்‌ஷாக்ஸ் நிறுவனம், அதிர்வு தாங்கும் முன்கவையை மிதிவண்டிக்குக் கொண்டு வந்தது. 1996இல் அட்லாண்டா நகரில் நடந்த ஒலிம்பிக் விளையாட்டில் மலை மிதிவண்டிப் பந்தயமும் இடம்பெற்றது. பல இடத்து உறுப்புகளைத் தேடிச் சேர்த்துப் பூட்டுவது இவ்வண்டிக்குப் பிறவிக் குணம் என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

அதிர்வு தாங்கி எதற்கு? உடல் நோகாமல் இருப்பதற்கே என்று பலர் எண்ணுவர். அது பாதி விடையே. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்பவர், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயரைச் செய்து கொடுத்தார். அன்றே மிதிவண்டிக்கு முதல் அதிர்வு தாங்கி கிடைத்துவிட்டது எனலாம். ஆயினும் ஒரு சாண் உயரக் கல்லின்மீது சக்கரம் ஏறும்போது டயர் மட்டும் போதாது. வண்டி முழுவதும், ஓட்டுபவரும் சேர்ந்து மேலே தூக்கி எறியப்படுவர். சக்கரம் தரையை விட்டு எழுந்த கணத்தில் பிரேக் பிடித்தும் பயனில்லை. கைப்பிடியைத் திருப்பியும் பயனில்லை. சட்டத்தோடு சக்கரத்தை இறுக்கமாகப் பிணைக்காமல், மேலும் கீழும் அசையும் கையொன்றில் அதனைப் பொருத்தினால், கல்லின்மீது சக்கரம் மட்டும் ஏறி இறங்கும். மேலுள்ள உடல் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்லும். தரையைச் சக்கரம் இழக்காமல் இருப்பதே அதிர்வு தாங்கியின் முதற்பயன். உடலின் சுகம் அதனைத் தொடர்ந்து வருவது.

சக்கரம் மேலெழக்கூடிய தொலைவை நகர்வு என்று கொள்வோம். ஏற்றமும் இறக்கமும் கலந்த நீண்ட பாதைகளில் ஓட்டும் வண்டிகளுக்கு 100 முதல் 120 மில்லிமீட்டர் நகர்வு போதும். செங்குத்தாக இறங்கும் பந்தயத்திற்கென்று அமைந்த வண்டிகளுக்கு 200 மில்லிமீட்டர் வரை உண்டு. என் மாணவர் தெரிந்துகொண்ட சட்டம் 120 மில்லிமீட்டர் நகர்வு உடையது.

இனிச் சட்டத்தின் பொருளுக்கு வருவோம். கார்பன் இழை நம் தலைமயிரினும் பன்மடங்கு மெல்லியது. அதன் விட்டம் 5 முதல் 7 மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஜப்பானின் டோரே நிறுவனம் 1971 முதல் இதனை விற்பனைக்குச் செய்து வருகின்றது. இழைகளை ஒரே திசையில் அருகருகே கிடத்தி, எபாக்சி என்னும் பிசினில் தோய்த்துத் தாள்களாக ஆக்குவர். அத்தாள்களை உரிய வடிவங்களில் நறுக்கி, அச்சுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கையால் அடுக்குவர். உள்ளே ஒரு பையை வைத்துக் காற்றால் ஊதி, வெளியே வெப்பமூட்டி அழுத்தினால், பிசின் இறுகிச் சட்டமாகின்றது. சீனாவின் சியாமென், ஷென்ஜென் நகரங்களிலும், தைவானின் தைச்சுங் நகரைச் சுற்றியும் இத்தொழில் செழித்துள்ளது.

எஃகின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 7.8 மடங்கு, அலுமினியத்தின் அடர்த்தி 2.7 மடங்கு, இழையும் பிசினும் சேர்ந்த இப்பொருளின் அடர்த்தி 1.6 மடங்கே. ஆகவேதான் இத்தகைய முழுவண்டியின் எடை 11 முதல் 13 கிலோகிராமுக்குள் அடங்கிவிடுகின்றது. ஆயினும், எடையைவிட நாம் கருத்திற்கொள்ள வேண்டிய இயல்பு வேறொன்று உண்டு. எஃகுக்கு எத்திசையிலும் வலிமை ஒன்றே. கார்பன் இழைக்கோ நீளவாக்கில் உள்ள வலிமை குறுக்குவாக்கில் இல்லை. மூங்கிலை எண்ணிப் பாருங்கள். அதனை ஒடிப்பது அரிது, பிளப்பது எளிது. நார் ஓடும் திசையில் அது நிகரற்றது. நாருக்கும் நாருக்கும் இடையில் அது மெலிந்தது. சட்டத்தை வகுப்போர் இதனை அறிந்தே சில தாள்களைக் குழாயின் நீளத்திலும், சிலவற்றைச் சாய்வாகவும், சிலவற்றைக் குறுக்காகவும் அடுக்குகின்றனர். எந்த இடத்தில் எந்தத் திசையிலிருந்து விசை வரும் என்று முன்கூட்டியே கணித்து, அதற்கேற்ப அவர்கள் வலிமையைப் பங்கிட்டு வைத்துள்ளனர். அவர்கள் கருதாத திசையில் ஒரு மரையாணியை முரட்டுத்தனமாக இறுக்கினால், பந்தயத்தையே தாங்கும் குழாய் பட்டறையில் நொறுங்கிவிடும்.

மற்றொன்றும் உண்டு. எஃகுச் சட்டம் அளவுக்கு மீறிய சுமையில் வளையும். வளைந்து நம்மை எச்சரிக்கும். கார்பன் சட்டம் வளைந்து காட்டாது. உள்ளே தாளுக்கும் தாளுக்கும் பிரிவு உண்டாகும்; மேலே வண்ணப்பூச்சு மாசின்றி இருக்கும். பின்னர் ஒருநாள், விரைந்து இறங்கும் சரிவில், அது முறியும். அப்போது ஓட்டுபவரின் முகமும் தோளும் கல்லின்மீது மோதும். இவ்வண்டியை அமைக்கும் வேலையில் கவனம் என்பது அழகுக்காக அன்று; உயிருக்காகவே என்பதை இதனால் உணரலாம்.

பெட்டி வந்தவுடன் என் மாணவர் எந்த உறுப்பையும் பூட்டவில்லை. சட்டத்தை மெல்லிய துணியால் துடைத்து, வெயிலில் சாய்த்துப் பிடித்து, வெடிப்பு உண்டா என்று ஒவ்வொரு குழாயையும் பார்த்தார். பின்னர் ஒரு நாணயத்தால் குழாய் நெடுகத் தட்டினார். நலமான இடத்தில் ஓசை தெளிவாக எழும். உள்ளே அடுக்குப் பிரிந்த இடத்தில் மங்கி ஒலிக்கும். குடம் வாங்கும் நம் பெண்கள் விரலால் சுண்டிப் பார்ப்பது போன்றதே இச்சோதனை. இது முடிவான சோதனை அன்று. எனினும் ஐயத்தை எழுப்பும் நல்ல சோதனை. ஐ.எஸ்.ஓ. 4210 என்பது மிதிவண்டிகளின் பாதுகாப்பிற்கான அனைத்துலகத் தரவிதி. அதன்படி சோதிக்கப்பட்டதா என்று கேட்டறிந்த பின்னரே அவர் இச்சட்டத்தை வாங்கியிருந்தார். புகழ்பெற்ற பெயர்களைப் பொய்யாக ஒட்டி, மிகக் குறைந்த விலைக்கு வரும் போலிச் சட்டங்களும் சந்தையில் உண்டு. பிற பொருள்களில் போலியால் பணம் போகும். இதில் பல் போகும், சில வேளை உயிரும் போகும்.

சோதனை முடிந்ததும் அவர் ஒரு தாளை எடுத்து எண்களை எழுதத் தொடங்கினார். பின் அச்சு 12 மில்லிமீட்டர் தடிப்பு, 148 மில்லிமீட்டர் அகலம். முன் அச்சு 15க்கு 110. கிராங்க் அமரும் குழலின் அகலம் 73. இருக்கைக் குழாயின் உள்விட்டம் 31.6, பின் அதிர்வு தாங்கியின் நீளம் 190, அதன் அமுங்கல் 45. இவ்வாறு தாள் நிறைந்தது. பின்னர் அவர் வாங்கிய எந்த உறுப்பையும் பெயரால் கேட்கவில்லை, அளவால் கேட்டார். முன்கவை ஒரு நாட்டிலிருந்தும், சங்கிலி மற்றொரு நாட்டிலிருந்தும், டயர் வேறொரு நாட்டிலிருந்தும் வரலாம். அவற்றைச் செய்த தொழிலாளர்கள் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஒருவர் மொழியை மற்றவர் அறியார். ஆயினும் அவர்கள் செய்தவை ஒன்றோடொன்று மயிரிழை பிசகாமல் பொருந்துகின்றன. அந்த எண்களே அவர்களுக்குப் பொதுமொழி.

பெயர் ஏமாற்றும், எண் ஏமாற்றாது என்பதற்கு ஒரு சான்று தருகின்றேன். இவ்வண்டியின் சக்கரத்தை 29 அங்குலச் சக்கரம் என்பர். அதன் ரிம்மில் டயர் அமரும் இடத்தின் விட்டம் 622 மில்லிமீட்டர். நம் ஊர்ப் பெரிய வண்டியின் சக்கரத்தை 28 அங்குலம் என்பர். அதில் டயர் அமரும் விட்டமோ 635 மில்லிமீட்டர். பெயரில் சிறியது அளவில் பெரியதாக இருக்கின்றது! பெயரை நம்பி டயர் வாங்குபவர் வெறுங்கையோடு கடைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இன்னொரு சான்று, மேலும் கடுமையானது. இருக்கைத் தண்டு 30.9 மில்லிமீட்டரிலும் உண்டு, 31.6 மில்லிமீட்டரிலும் உண்டு. வேறுபாடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சிறிய தண்டைப் பெரிய குழாயில் நுழைத்தால் எளிதில் இறங்கும், சிறிதே ஆடும். ஆட்டத்தை அடக்கப் பிடிப்பட்டையை மேலும் மேலும் இறுக்கத் தோன்றும். எஃகுக் குழாயாயின் அது நசுங்கிப் பொறுத்துக்கொள்ளும். கார்பன் குழாயாயின் நாரோடு நார் பிளந்துவிடும். ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஏழு பங்கு ஒரு சட்டத்தைக் கொல்லப் போதுமானது.

இப்போது பூட்டும் முறையைக் காண்போம். வேலைத் தாங்கியில் வண்டியை நிறுத்தும்போதே முதல் எச்சரிக்கை தொடங்குகின்றது. தாங்கியின் பிடியைக் கார்பன் குழாயில் கவ்வ விடலாகாது. இருக்கைத் தண்டிலேயே கவ்வ விட வேண்டும். அடுத்து, தலைக்குழாயில் மேலும் கீழும் பேரிங்குகளை அமர்த்தி, முன்கவையின் தண்டை நுழைக்க வேண்டும். தண்டு பெரும்பாலும் தேவைக்கு மேல் நீளமாகவே வரும். கைப்பிடித் தாங்கியையும் வளையங்களையும் வைத்து அளந்து, அவற்றின் மேல்விளிம்புக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தாழ அதனை அறுக்க வேண்டும். நீளமாக அறுத்ததை மறுபடியும் அறுக்கலாம். குட்டையாக அறுத்ததை நீட்ட எக்கருவியாலும் இயலாது. என் மாணவர் மூன்று முறை அளந்து, ஒருமுறை அறுத்தார்.

கிராங்க் அமரும் குழலில் இருபுறமும் மரையுள்ள கிண்ணங்களைப் பொருத்த வேண்டும். இடப்புறக் கிண்ணம் வழக்கம்போல் வலமாகத் திருப்பினால் இறுகும். வலப்புறக் கிண்ணமோ இடமாகத் திருப்பினால்தான் இறுகும். ஏன் இந்த முரண்? அச்சு ஒரு திசையில் சுழலும்போது, அதனைச் சுற்றியுள்ள கிண்ணம் சிறிது சிறிதாக எதிர்த்திசையில் ஊர முற்படும். வலப்புறத்தில் வழக்கமான மரை இருந்தால், மிதிக்க மிதிக்க அது தானே கழன்றுவிடும். இடமரையை வைத்ததால், கழற்ற வரும் விசையே இறுக்கும் விசையாகின்றது. இவ்வறிவின்றி வலப்புறக் கிண்ணத்தை வலமாகத் திருப்பி வலிந்து தள்ளுவோர், சட்டத்தின் மரையை அரைத்தே விடுவர்.

கார்பனும் அலுமினியமும் ஈரத்தில் நேரே தொட்டுக்கொண்டிருந்தால், மின்கலத்தில் நிகழ்வது போன்ற வேதிவினை எழுந்து, அலுமினியம் அரிக்கப்படும். ஆகவே அவை கூடும் இடங்களில் நடுவே தக்க பூச்சொன்று வேண்டும். மரைகளுக்குக் கிரீஸ் இடலாம். கார்பன் தண்டைக் கவ்வும் இடங்களில் கிரீஸ் இட்டால் வழுக்கும். அதற்கென நுண்மணல் போன்ற துகள் கலந்த பசை உண்டு. அது உராய்வை மிகுவிக்கும். உராய்வு மிகுந்தால் குறைந்த இறுக்கமே போதும், குழாயும் பிழைக்கும்.

இறுக்கத்தை எவ்வாறு அளப்பது? இங்கேதான் நம் வகுப்பறைப் பாடம் வருகின்றது. திருப்புவிசை என்பது விசையை நெம்புகோலின் நீளத்தால் பெருக்கிய அளவு. அதனை நியூட்டன் மீட்டரில் சொல்வோம். கைப்பிடித் தாங்கியின் மரையாணிகளுக்கு ஏறத்தாழ 5 நியூட்டன் மீட்டர் என்று அதன்மீதே பொறித்திருப்பர். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள சாவியின் நுனியில் 50 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 5 கிலோகிராம் எடையளவு அழுத்தினால் அந்த அளவு வந்துவிடும். பின்சக்கரப் பற்கூட்டத்தைப் பூட்டும் வளையத்திற்கோ 40 நியூட்டன் மீட்டர் வேண்டும். 20 சென்டிமீட்டர் நீளக் கருவியில் 20 கிலோகிராம் எடையளவு அழுத்த வேண்டும் என்பது இதன் பொருள். முன்னதை இறுக்கிய அதே வேகத்தில் பின்னதை இறுக்கினால் கழன்றுவிடும். பின்னதை இறுக்கிய வேகத்தில் முன்னதை இறுக்கினால் நொறுங்கிவிடும். குறித்த அளவு வந்ததும் "டக்" என்று ஒலிக்கும் டார்க் ரெஞ்சு என்னும் கருவி இதற்கென்றே உள்ளது. "ஐயா, என் கைக்கு அனுபவம் உண்டு; ஆனால் கை நாளுக்கொரு விதமாக இருக்கும்" என்று அவர் கூறியதை நான் மறக்கவில்லை. பசித்திருக்கும் நாளிலும் சினந்திருக்கும் நாளிலும் கருவிக்கு அளவு ஒன்றே.

பின் அதிர்வு தாங்கியின் கணக்கு சுவையானது. சக்கரம் 120 மில்லிமீட்டர் எழும்போது அதிர்வு தாங்கி 45 மில்லிமீட்டரே அமுங்குகின்றது. 120ஐ 45ஆல் வகுத்தால் 2.67. சக்கரத்தின் அசைவு இத்தனை மடங்கு குறைந்தால், விசை அத்தனை மடங்கு மிக வேண்டும் என்பது நெம்புகோலின் நியதி. 70 கிலோகிராம் எடையுள்ளவர் அமர்ந்தால், பின்சக்கரத்தின்மேல் ஏறத்தாழ 42 கிலோகிராம் விழுவதாகக் கொள்வோம். அதிர்வு தாங்கியின்மேல் விழுவது 112 கிலோகிராம் எடையளவு. ஆகவேதான் டயருக்குச் சதுர அங்குலத்திற்கு 25 பவுண்டு அழுத்தமே போதுமாக, இச்சிறு உருளைக்குள் 150 பவுண்டுக்கு மேலும் காற்று வேண்டியுள்ளது. நம் வீட்டுப் பம்பு இதற்கு உதவாது. நுண்ணளவாகக் காற்றேற்றும் தனிப் பம்பு உண்டு.

எஃகுச் சுருள்வில் ஹூக் விதிப்படி, இருமடங்கு விசைக்கு இருமடங்கு சுருங்கும். காற்றோ பாயில் விதிப்படி, இடம் குறையக் குறைய அழுத்தம் விரைந்து ஏறுவது. எனவே காற்றுவில் தொடக்கத்தில் மெல்ல இணங்கி, முடிவில் உறுதியாக எதிர்க்கும். வில் மட்டும் இருந்தால் வண்டி பந்துபோல் துள்ளிக்கொண்டே இருக்கும். ஆகவே எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே புகுத்தி, துள்ளலின் ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடுகின்றனர். நீண்ட இறக்கத்தின் முடிவில் அதிர்வு தாங்கி சுடுவதற்குக் காரணம் இதுவே.

சங்கிலியை வெட்டும் வேளை வந்தது. முன்னே 32 பல் கொண்ட ஒரே வட்டு. பின்னே 10 பல் முதல் 51 பல் வரை பன்னிரண்டு வட்டுகள். சக்கரத்தின் சுற்றளவை 2.3 மீட்டர் என்று கொண்டால், பெரிய வட்டில் ஒரு மிதிச்சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 1.4 மீட்டர் செல்லும். சிறிய வட்டில் 7.4 மீட்டர் செல்லும். ஏற்றத்திற்கு முன்னது, சமவெளிக்குப் பின்னது. சங்கிலியை அளந்து வெட்டப்போகும் என் மாணவர், அதற்குமுன் அதிர்வு தாங்கியின் காற்று முழுவதையும் வெளியேற்றினார். அரும்பாடுபட்டு ஏற்றிய காற்றை ஏன் இழக்கின்றீர் என்று வினவினேன். அவர் வாய்திறந்து விடை கூறாமல், பின்சக்கரத்தை மேலே அழுத்திக் காட்டினார். சக்கரம் எழ எழ, கிராங்குக்கும் பின் அச்சுக்கும் இடையேயுள்ள தொலைவு நீண்டது. அந்நீட்சி சட்டத்திற்குச் சட்டம் வேறுபடும். நின்ற நிலையில் அளந்து வெட்டிய சங்கிலி, நின்ற நிலையில் பொருத்தமாகவே தோன்றும். வண்டி பெரும் பள்ளத்தில் விழுந்து அதிர்வு தாங்கி முழுவதும் அமுங்கும் கணத்தில் அது போதாமற்போகும். போதாத சங்கிலி, பற்களை மாற்றும் பொறியைப் பிய்த்துச் சக்கரத்திற்குள் எறியும். ஆதலால் தொலைவு மிக நீளும் நிலையில் வைத்தே சங்கிலியை அளக்க வேண்டும். ஐம்பது பேர் கொண்ட வகுப்பில் நான் கேட்கும் கேள்விகளுக்கு இத்துணைத் தெளிவான விடை எனக்குக் கிடைத்ததில்லை.

அப்பொறியைச் சட்டத்தோடு இணைக்கும் சிறு தொங்கட்டான் ஒன்று உண்டு. விலை மலிந்தது, வேண்டுமென்றே மெலிதாகச் செய்தது. பொறி கல்லில் மோதினால் முதலில் அது வளையும், அல்லது முறியும். விலையுயர்ந்த சட்டம் தப்பும். மின்சாரப் பலகையில் உருகி எரிந்து வீட்டைக் காக்கும் ஃபியூஸ் கம்பியின் பணியே இதன் பணி. வண்டி ஓட்டுபவர் பையில் இது ஒன்று கூடுதலாக இருத்தல் நன்று.

பிரேக்கில் கம்பிக்கு மாற்றாக எண்ணெய் நிரம்பிய குழாய் உள்ளது. பாஸ்கல் விதிப்படி, கைப்பிடியில் விரலால் தரும் அழுத்தம் குழாய் முழுவதும் குறையாமல் பரவி, சக்கரத்தோடு சுழலும் எஃகுத் தட்டை இருபுறமும் கவ்வுகின்றது. குழாயில் காற்றுக்குமிழ் இருப்பின், அழுத்தம் குமிழைச் சுருக்குவதிலேயே வீணாகும், பிடி தொளதொளக்கும். ஆகவே குமிழை முற்றும் நீக்க வேண்டும். சில பிரேக்குகளுக்குக் கனிம எண்ணெய். சிலவற்றிற்கு டாட் என்னும் வகைத் திரவம். ஒன்றிற்குரியதை மற்றொன்றில் ஊற்றினால் ரப்பர் வளையங்கள் கெட்டு, வேண்டிய வேளையில் பிரேக் கைவிட்டுவிடும். தட்டை எண்ணெய்க் கையால் தொடுவதும் ஆகாது.

எல்லாம் பூட்டிய பின்னும் வண்டி முடிந்துவிடவில்லை. ஓட்டுபவர் அதன்மேல் அமர்ந்து, தம் எடையாலேயே அதிர்வு தாங்கி எவ்வளவு அமுங்குகின்றது என்று அளக்க வேண்டும். பின்புறத்தில் அமுங்கல் முழு அளவின் 25 முதல் 30 விழுக்காடு இருத்தல் நன்று. 45 மில்லிமீட்டரில் 30 விழுக்காடு 13.5 மில்லிமீட்டர். அதற்கு மேல் அமுங்கினால் காற்றை ஏற்ற வேண்டும். குறைந்தால் இறக்க வேண்டும். சக்கரம் மேலெழ இடம் வேண்டுவது போலவே, பள்ளத்தில் கீழே இறங்கவும் இடம் வேண்டும் என்பதே இவ்வமுங்கலின் நோக்கம். ஆகவே ஒருவருக்கென்று சரிசெய்த வண்டி மற்றொருவருக்குச் சரியாக இராது.

முதல் நாள் வண்டியை மலைக்குக் கொண்டு செல்லலாகாது. சமதரையில் மெல்ல ஓட்டி, பலமுறை பிரேக் பிடித்து, தட்டும் கட்டையும் ஒன்றற்கொன்று பழக விட வேண்டும். பின்னர் ஒவ்வொரு மரையாணியையும் மீண்டும் அளவுகோலோடு சோதிக்க வேண்டும். எப்போதேனும் விழுந்தால், காயத்தைக் கவனித்த பின்னர்ச் சட்டத்தையும் கண்ணாலும் நாணயத்தாலும் ஆராய வேண்டும். ஐயம் தோன்றினால், தேர்ந்தவர் பார்க்கும்வரை அதில் ஏறாதிருப்பதே அறிவுடைமை.

மாணவர்களே, இத்தகைய வண்டி உங்களுள் பலருக்கு எட்டாத விலையுடையது என்பதை நான் அறிவேன். அதனை வாங்குமாறு உங்களைத் தூண்டுவதற்காக இதனைச் சொல்லவில்லை. நியூட்டனும் பாஸ்கலும் பாயிலும் ஹூக்கும் தேர்வுத்தாளில் மட்டும் வாழ்பவர் அல்லர் என்பதைக் காட்டவே சொன்னேன். கையால் செய்யும் வேலை தாழ்ந்தது, ஏட்டால் செய்யும் வேலை உயர்ந்தது என்னும் எண்ணம் நம்மிடம் இன்னும் முற்றும் நீங்கவில்லை. எண்ணை அறியாத கை குழாயை நொறுக்கும். கையை அறியாத எண் தாளிலேயே கிடக்கும். இரண்டும் கூடிய இடத்திலேதான் ஒரு மனிதன் நம்பி ஏறிச் செல்லக்கூடிய வண்டி உருவாகின்றது.

நாளை பள்ளிக்குச் செல்லும்போது உங்கள் மிதிவண்டியின் டயர் ஓரத்தைச் சற்றுத் துடைத்துப் பாருங்கள். 40-635 என்பது போன்ற எண் ஒன்று அங்கே பொறித்திருக்கக் காண்பீர்கள். முன்னது டயரின் அகலம், பின்னது அது அமரும் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். அவ்வெண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ரிம்மை நீங்களே அளந்து சரிபாருங்கள். அடுத்து, இடப்புறப் பெடலின் மரை எத்திசையில் இறுகும் என்று உங்கள் தெருச் சைக்கிள் கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் விடைக்குக் காரணத்தை, நான் மேலே கூறிய கிண்ணத்தின் கதையை நினைந்து, நீங்களே கண்டுபிடியுங்கள்.